பிரேக் சத்தம் போட்டால் எண்ணெய் விடாதீர்கள்



போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கியாக்தானில் சைக்கிள் இல்லாத வீடு நம்மில் எத்தனை பேருக்கு? அதனால் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் அக்கா தங்கை இருவரும் நர்ஸ் வேலை பார்க்கிறோம். எங்களுக்கு ஒரே தம்பி. பள்ளிக்கும் டியூஷனுக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் அவன் போவது டிஸ்க் பிரேக் வைத்த ஒரு மவுண்டன் பைக்கில். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. ஆடி மாத மழையில் நாலு நாள் ஓட்டினதும் முன் பிரேக் 'கிரீச்' என்று கத்த ஆரம்பித்தது. தெரு முனையில் அவன் வரும்போதே வீட்டுக்குள் கேட்கும். நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தால் அந்தச் சத்தத்தில் எழுந்துவிடுவோம். ஒரு நாள் பொறுக்க முடியாமல், சங்கிலிக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை எடுத்து அந்த டிஸ்க்கின் மேலேயே அடித்துவிட்டோம். கதவுக் கீல் சத்தம் போட்டால் எண்ணெய் விடுகிறோமே, அதே நினைப்புதான். சத்தம் உடனே நின்றது. எங்களுக்கும் நிம்மதி.

மறுநாள் காலை மேட்டுச் சாலையிலிருந்து பஜார் பக்கம் இறங்கும்போது அவனுக்கு முன்னால் ஒரு சைக்கா திரும்பியது. தம்பி பிரேக்கைப் பிடித்திருக்கிறான், வண்டி நிற்கவில்லை. சைக்காவில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்ததால் அவர்மேல் மோதாமல் ஓரமாக ஒடித்து, சாக்கடைக் கரையில் கையை ஊன்றி விழுந்தான். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"அக்கா, நான் பிரேக் பிடிச்சேன், பிடிக்கவே இல்லை" என்று அவன் சொன்னான். நாங்கள் நம்பவில்லை. வேகமாக வந்திருப்பாய், போனைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாய் என்று இரண்டு நாள் அவனைத்தான் திட்டினோம். மூன்றாம் நாள் வண்டியைச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்கார அண்ணன் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து டிஸ்க்கைத் துடைத்துக் காட்டினார். காகிதம் பழுப்பாகி, எண்ணெய் பளபளத்தது. "இதில் யார் எண்ணெய் விட்டது?" என்று பர்மிய மொழியில் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றைக்குத்தான் பிரேக் கட்டையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இத்தனை வருஷம் சைக்கிள் ஓட்டியிருக்கிறோம் என்று எங்களுக்கு உறைத்தது. அதன் பிறகு அந்த அண்ணனிடம் கேட்டும், தேடிப் படித்தும், எங்கள் கையாலேயே கழற்றி மாட்டியும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் மண்ணும் எங்கள் மழையும்

பர்மிய மொழியில் 'கியாக்' என்றால் கல், 'தான்' என்றால் வரிசை. தன்லியினிலிருந்து கியாக்தான் வரைக்கும் ஒரு தாழ்ந்த மேடு நீண்டு கிடக்கிறது. அது சிவந்த செம்பாறாங்கல் மேடு. வயல் பக்கம் சமதரையாக இருந்தாலும், அந்த மேட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்குப் பிரேக் வேண்டும். மழையும் நமக்குக் கொஞ்சமல்ல. யாங்கூன் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை. சென்னையில் பெய்வதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த இரண்டும் சேரும்போது பிரேக் கட்டைக்கு என்ன ஆகிறது? செம்மண் பொடியும் மணலும் தண்ணீரில் குழைந்து கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில், அல்லது கட்டைக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் போய் உட்காருகிறது. பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் தேய்கிறது. வறண்ட காலத்தில் பல மாதம் வருகிற கட்டை மழைக்காலத்தில் சில வாரத்தில் கரைந்துபோவது இதனால்தான். ஆகவே நம் ஊருக்குக் கட்டை வாங்கும்போது விலையைக் கேட்கும் முன்னால் மழையை நினைக்க வேண்டும்.

முதலில் உங்கள் பிரேக் எது என்று பாருங்கள்

தாத்தா காலத்து வண்டிகளில் கம்பி பிரேக் இருந்தது. கைப்பிடியை இழுத்தால் கம்பி மேலே தூக்கி, கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும். இன்றைய மவுண்டன் பைக்கில் பெரும்பாலும் இரண்டே வகை.

ஒன்று, ரிம் பிரேக். சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கைகள் நின்று, ரப்பர் கட்டையால் ரிம்மை அழுத்தும். இதிலே இப்போது அதிகமாகக் காண்பது வி-பிரேக். ஷிமானோ நிறுவனம் 1996-இல் இதைக் கொண்டுவந்தது.

இரண்டு, டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவில் ஹப்போடு ஒரு மெல்லிய இரும்புத் தட்டு சுற்றும். காலிப்பர் என்கிற சிறு பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கட்டைகள் அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும். வயர் இழுத்து வேலை செய்வது மெக்கானிக்கல் டிஸ்க். குழாய்க்குள் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்வது ஹைட்ராலிக் டிஸ்க்.

மழை ஊருக்கு டிஸ்க்தான் நல்லது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரிம் தரைக்குப் பக்கத்தில், குட்டைத் தண்ணீரிலேயே சுற்றுகிறது. டிஸ்க் நடுவில் உயரத்தில் இருக்கிறது. அதிலுள்ள துளைகள் தண்ணீரையும் சேற்றையும் வழித்து வெளியே தள்ள உதவுகின்றன. ஆனால் டிஸ்க்குக்கு ஒரு பலவீனம்: அதன் கட்டை சின்னது, எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டே போதும். எங்கள் தம்பிக்கு நடந்தது அதுதான்.

எப்போது மாற்ற வேண்டும்

ரிம் பிரேக் கட்டையில் குறுக்காகச் சில பள்ளங்கள் வெட்டியிருக்கும். தண்ணீர் வழிவதற்கு அது உதவும். தேய்மானம் காட்டவும் அது உதவும். பள்ளம் மறைந்து கட்டை வழவழவென்று ஆகிவிட்டால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. சில கட்டைகளில் ஒரு கோடு போட்டே இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் உள்ளே இருக்கிற இரும்பு ரிம்மில் உரசி ரிம்மையே அறுத்துவிடும்.

டிஸ்க் கட்டையில் ஓர் இரும்புத் தகடும் அதன்மேல் ஒட்டிய உராய்வுப் பொருளும் உண்டு. தேய்வது அந்த உராய்வுப் பொருள். அது 0.5 மி.மீ. ஆகிவிட்டால் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோவின் அளவு. அரை மில்லிமீட்டரைக் கண்ணால் யார் அளப்பது? வீட்டில் ஏ.டி.எம். அட்டை இருந்தால் அதன் தடிப்பு சுமார் முக்கால் மி.மீ. உராய்வுப் பொருள் அந்த அட்டை அளவுக்கு வந்துவிட்டதென்றால், அடுத்த மழைக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் மீதிக் கால் மில்லிமீட்டர் எத்தனை நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு கட்டையையும் பாருங்கள். மெக்கானிக்கல் டிஸ்க் பலவற்றில் வெளிப்பக்கக் கட்டை மட்டும் நகரும், உள்பக்கக் கட்டை அசையாமல் நிற்கும். அதனால் இரண்டும் ஒரே அளவில் தேயாது. வெளியே தெரிகிற கட்டை தடிப்பாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால், உள்ளே இருப்பது தகடு வரைக்கும் போயிருக்கலாம். மாற்றும்போது எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

டிஸ்க் தட்டும் தேயும். ஷிமானோ தட்டு புதிதில் 1.8 மி.மீ., 1.5 மி.மீ. ஆனால் மாற்ற வேண்டும். தட்டிலேயே குறைந்த அளவு பொறித்திருக்கும்.

கடையில் கேட்க வேண்டிய நாலு கேள்வி

நாங்கள் கடைக்குப் போனதும் "டிஸ்க் கட்டை ஒரு ஜோடி கொடுங்கள்" என்றுதான் கேட்டோம். அந்த அண்ணன் பெட்டியைத் திறந்து காட்டினார். முக்கோணமாக, சதுரமாக, கொம்பு வைத்தது, காது வைத்தது என்று பத்துப் பதினைந்து வடிவம். ஆஸ்பத்திரியில் "ஊசி ஒன்று கொடுங்கள்" என்று கேட்டமாதிரி ஆயிற்று.

முதல் கேள்வி: வடிவம் என்ன? பழைய கட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதே நல்லது. கொஞ்சம் ஒத்திருக்கிறது என்பதால் மாட்டிவிடக் கூடாது. துளை, காது, நுனி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் சரியாகப் பொருந்த வேண்டும். ஷிமானோவின் விலை குறைந்த டிஸ்க் பிரேக்குகள் பலவற்றில் வருவது பி01எஸ் என்ற கட்டை. அதன் இடத்தில் பிறகு பி05எஸ் வந்தது. ஒன்றுக்குப் பதில் மற்றது பொருந்தும். இப்படி எண் தெரிந்தால் வேலை சுலபம்.

நம் ஊரில் இந்த முதல் கேள்வி மிகவும் முக்கியம். ஏனென்றால் இங்கே ஓடுகிற வண்டிகளில் பல, ஜப்பானிலோ வேறு நாட்டிலோ ஓடி முடித்து வந்தவை. 2019-இல் மைக் தான் துன் வின் என்பவர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாடகைச் சைக்கிள் நிறுவனங்கள் கைவிட்ட 10,000 சைக்கிள்களை வாங்கி, 'லெஸ் வாக்' என்ற பெயரில் மியன்மாரின் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்காமல் போவதற்காகக் கொண்டுவந்தது பலருக்கு நினைவிருக்கும். இப்படி வந்த வண்டி நல்ல வண்டிதான். ஆனால் கூடவே விளக்கப் புத்தகம் வராது. முன்பு வைத்திருந்தவர் எதை மாற்றி எதைப் போட்டார் என்பதும் தெரியாது. வண்டியின் பெயரைச் சொல்லிக் கட்டை கேட்பதில் பயனில்லை. பிரேக்கின் பெயரையும் கட்டையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: இந்த டிஸ்க் எந்தக் கட்டையைத் தாங்கும்? கட்டையில் ரெசின், மெட்டல் என்று இரண்டு முக்கிய வகை. ரெசின் என்பது நார்களையும் பொடிகளையும் பிசினால் இறுக்கிச் செய்தது. மெட்டல் அல்லது சின்டர்டு என்பது உலோகப் பொடியை அழுத்திச் சூடாக்கி ஒட்டவைத்தது. இரண்டையும் கலந்த அரை மெட்டலும் உண்டு. விலை குறைந்த டிஸ்க் தட்டுகள் சிலவற்றில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அந்தத் தட்டின் இரும்பு மெதுவானது. மெட்டல் கட்டை போட்டால் தட்டையே தின்றுவிடும். எங்கள் தம்பியின் தட்டிலும் அதுதான் பொறித்திருந்தது. "மழைக்கு நல்லது என்று சொல்கிறார்களே, மெட்டலே கொடுங்கள்" என்று நாங்கள் கேட்டோம். கடைக்கார அண்ணன் தட்டைச் சுற்றி அந்த எழுத்தைக் காட்டி, "இதற்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். விலை அதிகமான பொருளை விற்காமல் விட்ட அந்த நேர்மைக்கு நன்றி சொல்கிறோம்.

மூன்றாவது கேள்வி: எங்கே, எந்தக் காலத்தில் ஓட்டுகிறோம்? தட்டு இரண்டையும் தாங்கும் என்றால் அப்போது தேர்ந்தெடுக்கலாம். ரெசின் கட்டை சத்தம் குறைவு, சூடாகாமலே உடனே பிடிக்கும், தட்டையும் அதிகம் தேய்க்காது. ஆனால் சேற்றில் சீக்கிரம் கரையும்; நீளமான சரிவில் விடாமல் பிடித்துச் சூடேறினால் பிடிப்புக் குறையும். மெட்டல் கட்டை மழையிலும் சேற்றிலும் நீண்ட நாள் வரும், சூட்டையும் தாங்கும். ஆனால் ஈரத்தில் சத்தம் போடும், குளிர்ந்திருக்கும்போது முதல் பிடி கொஞ்சம் மந்தமாக இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலில் பள்ளிக்கும் கடைக்கும் போகிறவருக்கு ரெசினே போதும். மழைக்காலம் முழுவதும் மேட்டுச் சாலையில் தினமும் ஏறி இறங்கி வேலைக்குப் போகிறவர், தட்டு அனுமதித்தால், மெட்டல் அல்லது அரை மெட்டல் போடுவது நல்லது. ரெசின்தான் போட முடியும் என்றால் தவறில்லை. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை தடிப்பைப் பாருங்கள், ஒரு ஜோடி வாங்கி வீட்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி இருக்கிறது.

நாலாவது கேள்வி: பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது? எந்தப் பிரேக்குக்கு, என்ன பொருள் என்பது எழுதியிருக்க வேண்டும். ஒன்றுமே எழுதாத பொட்டலத்தை வாங்காதீர்கள். பெயர் அச்சிடாத மாத்திரையை யாராவது வாங்கிச் சாப்பிடுவோமா?

ரிம் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு

நம் வாலிபர்களில் பலருக்கு வி-பிரேக் வண்டிதான். அவர்களும் பழைய கட்டையைக் கொண்டுபோங்கள். கட்டையின் பின்னால் மரை வெட்டிய போல்ட் இருந்தால் அது வி-பிரேக்குக்கு. மரை இல்லாத வழவழப்பான தண்டு இருந்தால் அது பழைய கான்டிலிவர் பிரேக்குக்கு. ஒன்று மற்றதில் ஏறாது. சில கட்டைகளில் அலுமினிய உறை அப்படியே இருக்க, தேய்ந்த ரப்பரை மட்டும் உருவி மாற்றலாம். முதலில் கொஞ்சம் விலை கூடினாலும் பிறகு ரப்பர் மட்டும் வாங்கினால் போதும். அந்த உறையில் ஒரு பக்கம் அடைத்திருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். அடைத்த பக்கம் வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் பிரேக் பிடிக்கும்போது ரப்பர் வெளியே வழுக்கி ஓடிவிடும். இடது வலது என்று எழுத்தும் அம்புக்குறியும் இருக்கும்; அதைப் பார்த்து மாட்டுங்கள்.

ரிம் அலுமினியமா, குரோம் பூசிய இரும்பா என்று ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. இரும்பு ரிம் மழையில் நனைந்தால் எந்த ரப்பர் கட்டையும் அதில் சரியாகப் பிடிக்காது. இது கட்டையின் குற்றமல்ல. அப்படிப்பட்ட வண்டியை மழையில் சரிவுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே புத்தி. முடிந்தால் சக்கரத்தை அலுமினிய ரிம்முக்கு மாற்றுங்கள். அலுமினிய ரிம்முக்கு, ஈரத்துக்கென்று செய்த மெதுவான ரப்பர் கட்டைகள் கிடைக்கின்றன. கூல்-ஸ்டாப் நிறுவனத்தின் சால்மன் நிறக் கட்டை அதற்குப் பெயர் பெற்றது.

மாதம் ஒரு முறை கட்டையின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். சின்னச் சின்ன கல்லும், ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துணுக்கும் அதில் பதிந்திருக்கும். ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் கட்டையும் நிற்கும், ரிம்மும் பிழைக்கும்.

மாட்டும்போது கை சுத்தம்

இந்த ஒரு விஷயத்தில் எங்கள் தொழில் எங்களுக்கு உதவியது. டிஸ்க் கட்டையை மாட்டுவது காயத்துக்குக் கட்டுப் போடுவதைப் போலத்தான். சுத்தமான முகத்தை விரல் தொடக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோ, சங்கிலியைத் தொட்ட கையோ அந்தக் கட்டையிலும் தட்டிலும் படக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, ஓரத்தைப் பிடித்து மாட்டுங்கள்.

தட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. வீட்டில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். பிரிட்டிஷ் முறைப்படி செய்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில், தோல் வறளாமல் இருக்க விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள். ஸ்பிரிட் பறந்துபோகும், விளக்கெண்ணெய் தட்டில் தங்கிவிடும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உபயோகியுங்கள்.

எண்ணெய் குடித்த டிஸ்க் கட்டையை என்ன செய்வது? மேலே லேசாகப் பட்டிருந்தால் உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம். உள்ளே ஊறிவிட்டால் காப்பாற்ற முடியாது. நெருப்பில் காட்டினால் எண்ணெய் எரிந்துபோகும் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சூட்டில் கட்டையின் பிசினும் ஒட்டும் கெட்டுப்போகலாம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். நாங்கள் கட்டையைத் தூக்கிப் போட்டோம். தட்டை மட்டும் ஆல்கஹாலில் நாலு முறை, வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே வருகிற வரைக்கும் துடைத்தோம்.

பழைய கட்டையைக் கழற்றும்போது வரும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள். முற்காலத்தில் வாகனப் பிரேக்குகளில் கல்நார் சேர்த்தார்கள். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெயரில்லாத கட்டையில் என்ன சேர்த்திருப்பார்கள் என்று தெரியாதபோது, ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே பாதுகாப்பு.

ஹைட்ராலிக் பிரேக் உள்ளவர்கள், சக்கரம் கழற்றியிருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தாதீர்கள். உள்ளே இருக்கிற பிஸ்டன்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். புதுக் கட்டை தடிப்பானது. ஆகவே மாட்டும் முன், தட்டையான பிளாஸ்டிக் துண்டாலோ மரத் துண்டாலோ பிஸ்டன்களை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். காலிப்பர் ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் அது கட்டை மாற்றித் தீருகிற வேலையல்ல, கடைக்குக் கொண்டுபோங்கள்.

புதுக் கட்டையைப் பழக்குங்கள்

புது டிஸ்க் கட்டை மாட்டினவுடனே சரிவில் இறங்காதீர்கள். அது இன்னும் முழுதாகப் பிடிக்காது. காய்ந்த சமதரையில், ஆள் வண்டி இல்லாத இடத்தில், ஓரளவு வேகமாக மிதித்து, நடக்கிற வேகத்துக்கு வரும்வரை பிரேக்கை ஒரே சீராகப் பிடியுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. விட்டுவிட்டு மறுபடி மிதியுங்கள். முன் பிரேக்குக்கு இருபது முறை, பின் பிரேக்குக்கு இருபது முறை. கட்டையின் ஒரு மெல்லிய படலம் தட்டின்மேல் சீராகப் படியும்போது பிடிப்பு ஏறுவது கையிலேயே தெரியும். முடித்தவுடன் தட்டைத் தொடாதீர்கள், சுடும்.

முன் பிரேக் எந்தக் கையில் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா நாட்டு வண்டியும் ஒன்றல்ல. ஜப்பானில் வலது கை முன் பிரேக், அமெரிக்காவில் இடது கை. வண்டி நிற்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குடையது. இரவல் வண்டியில் ஏறும்போது முதலில் தள்ளிக்கொண்டே இரண்டு பிடியையும் அழுத்திப் பாருங்கள். மழையில் ரிம் பிரேக் வண்டி ஓட்டுகிறவர்கள், நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாக ஒரு முறை பிடித்து ரிம்மின் தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்திப் பிடியுங்கள்.

விழுந்துவிட்டால்

சைக்கிளிலிருந்து விழுகிறவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றித்தான் விழுகிறார்கள். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோரம் உள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு இருக்கிறது. அது முறிந்தாலும் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால்தான் டாக்டர் கட்டுப் போட்டு, பத்துப் பதினாலு நாள் கழித்து மறுபடி வரச் சொல்வார். வெறும் சுளுக்கு என்று எண்ணெய் தடவி உருவிவிடாதீர்கள். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போய்விடக் கூடும்.

தலையில் அடிபட்டு மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, குழறிப் பேசினாலோ, நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஹெல்மெட் போடாமல் சைக்கிளில் ஏறாதீர்கள் என்று தம்பி தங்கைகளிடம் கெஞ்சிக் கேட்கிறோம்.

கடைசியாக ஒரு வார்த்தை

தம்பியின் கை சேர்ந்துவிட்டது. கட்டுப் பிரித்த அன்று நாங்கள் இருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். எண்ணெய் விட்டதற்கு மட்டுமல்ல. பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னபோது நம்பாமல் திட்டினதற்கும் சேர்த்து. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி வலிக்கிறது என்று சொன்னால் எங்கே வலிக்கிறது என்று கேட்போம், தொட்டுப் பார்ப்போம். வீட்டுப் பிள்ளை சொன்னபோது அதைச் செய்யவில்லை.

அவன் சிரித்துவிட்டு, "சரி அக்கா, இனிமேல் கட்டையை நான் பார்த்துக்கிறேன், நீங்க ஸ்பிரேயைத் தொடாம இருந்தாப் போதும்" என்றான்.

பெற்றோர்களே, பிள்ளை 'பிரேக் சரியில்லை' என்று சொன்னால் அன்றைக்கே போய்ப் பாருங்கள். தம்பி தங்கைகளே, வருகிற சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கட்டையின் தடிப்பைப் பாருங்கள், தட்டில் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள், வெள்ளைக் காகிதத்தால் ஒரு துடை துடைத்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் பழைய கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எண்ணெய் சங்கிலிக்கு மட்டும்.